பதிவுக்கு முன் பாடத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தமிழ்ப் பாட்டுகளை வாய்விட்டு வாசித்து, ஒலிக்கோப்பாக்கி, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கும்படி இணையத்தில் ஏற்றும் வேலையில் இறங்க நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்த மைக் வாங்கலாம் என்றுதான். எந்தப் பதிப்பை வாசிப்பது என்று கேட்பவர் அபூர்வம். பதிவுகள் வீணாவது பெரும்பாலும் கேட்கப்படாத அந்தக் கேள்வியால்தான். வட ஆர்க்காட்டுப் பக்கத்து ஆர்வலர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இந்தியச் சட்டப்படி ஒரு நூலின் காப்புரிமை ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். பாரதி 1921-ல் மறைந்தார். அவர் பாட்டில் யாருக்கும் தடையில்லை. கவிமணி 1954-ல் மறைந்தார். 2015 முதல் இங்கே அவர் பாட்டும் பொதுச்சொத்து. கண்ணதாசன் 1981-ல் மறைந்ததால் 2041 முடியும்வரை கை வைக்க முடியாது. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் 2005 முதல் தன்னார்வலர்களைக் கொண்டே நடந்துவரும் லிப்ரிவாக்ஸ் என்ற இலவச ஒலிநூல் தளம் அமெரிக்கச் சட்டத்தைப் பின்பற்றுகிறது. அங்கே பழைய நூல்களுக்குக் கணக்கு வேறு: அச்சான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-ல் வந்தது, தாராளமாக வாசிக்கலாம். கவிமணியின் ‘மலரும் மாலையும்’ 1930-களின் பிற்பகுதியில் வந்த தொகுப்பு. இங்கே தடையில்லாத அதை அங்கே ஏற்ற இன்னும் சில ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை அந்தப் பதிவைப் பென் டிரைவில் போட்டு ஊர் நூலகத்துக்குக் கொடுக்கலாம்; சட்டம் குறுக்கே நிற்காது.

இன்னொரு பள்ளம் உரையில் இருக்கிறது. குறள் இரண்டாயிரம் ஆண்டுப் பழசு என்று சொல்லிக்கொண்டே, கடையில் கிடைக்கும் புது உரையையும் சேர்த்து வாசித்துவிடுகிறார்கள். மூலம் பொது, உரை உரையாசிரியருடையது. மெட்டும் அப்படித்தான். பாரதியின் சொல் பொது என்றாலும் அதற்குத் திரைப்படத்தில் போட்ட மெட்டு பொது அல்ல. ஆகவே பாடாதீர்கள், வாசியுங்கள். லிப்ரிவாக்ஸில் ஏற்றினால் வாசித்தவர் தன் குரல் மீதான உரிமையையும் விட்டுக்கொடுக்கிறார். அந்தப் பதிவை யாரும் வெட்டலாம், ஒட்டலாம், விற்கவும் செய்யலாம். இதை ஏற்றுவதற்கு முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுவது நல்லது. பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் எங்கள் பதில் மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி. செங்கத்து நன்னனைத் தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. செங்கம் இன்று திருவண்ணாமலை மாவட்டம் என்றாலும் 1989 வரை வட ஆர்க்காடுதான். சேயாறு பாட்டுக்குள்ளேயே வருகிறது. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889-ல் பதிப்பித்தார். அவர் மறைந்தது 1942. இந்தியா, அமெரிக்கா எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் தடை இல்லை. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னுரைகளைத் திரையில் வைத்து வாசிப்பது வசதி. ஆனால் எந்த மின்னுரையிலும் தட்டுப்பிழை இருக்கும். அச்சுப் பதிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுப் பென்சிலால் திருத்திக்கொண்ட தாளை மட்டுமே எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். ஆளுக்கொரு பதிப்பைப் பார்த்து வாசித்தால் பாட பேதம் வரும், பாட்டு ஒட்டாது.

முதல் அடியையே பாருங்கள்: ‘திருமழை தலைஇய இருள்நிற விசும்பின்’. நான்கே சீர். அதற்குள் ல, ழ, ள மூன்றும் வந்துவிடுகின்றன. ர, ற இரண்டும் வந்துவிடுகின்றன. குரல் தேர்வுக்கு இதைவிட நல்ல அடி கிடைக்காது. மழையை ‘மயை’ என்று சொல்லும் பழக்கம் நம் பக்கத்து நாக்குக்கு உண்டு. பேச்சில் அது குற்றமில்லை, பதிவில் பொருள் கெடும். அடுத்த சிக்கல் ‘தலைஇய’. புதிதாக வாசிப்பவர் ‘தலை’ என்று நிறுத்தி ‘இய’ என்று தனியாக எடுப்பார். அது அளபெடை. ஐ முடிகிற இடத்திலேயே இகரத்தை நீட்டி, மூச்சு விடாமல் யகரத்தில் இறங்க வேண்டும். அடியின் முடிவில் குரலைத் தாழ்த்தவும் கூடாது, ஏனென்றால் பொருள் அங்கே முடியவில்லை; வானத்து இடிபோல் முழவு ஒலிக்கிறது என்று அடுத்தடுத்த அடிகளுக்கு ஓடுகிறது. மலைபடுகடாம் அமைந்த அகவல் பாவில் அடி முடிவு வேறு, பொருள் முடிவு வேறு. முன்கூட்டியே தாளில் பொருள் முடியும் இடத்தில் மட்டும் சாய்கோடு போட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வெண்பாவில் அளபெடையை விட்டால் ஓசையே உடையும். 12-ஆம் குறளில் வரும் ‘தூஉம்’ என்பதைத் ‘தூம்’ என்று வாசித்தால் ஈரசைச் சீர் ஓரசையாகிவிடும். அதே குறளில் ‘ப்பா’ ஐந்து முறை வருவதால் மைக்கைச் சோதிக்கவும் அதுவே கைகொடுக்கும். வாய்க்கு நேரே மைக்கைப் பிடித்தால் ஐந்து இடத்திலும் ‘பட் பட்’ என்று காற்று மோதும். மைக்கை ஒரு சாண் தள்ளி, வாயின் ஓரமாகச் சற்றுச் சாய்த்து வையுங்கள், மோதாது. பஞ்சு உறை பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

திருப்புகழை எடுக்கிறவர்கள் அடியின் கடைசியில் வரும் தொங்கல் என்ற துண்டு முடிந்த பிறகே மூச்செடுக்க வேண்டும். நடுவில் எடுத்தால் சந்தம் நொண்டும். வள்ளிமலைப் பாட்டுகளில் தொடங்கலாம். ஆனால் முதல் முயற்சிக்குத் திருப்புகழ் வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இனி அறை. டைல்ஸ் பதித்த வெற்று அறையில் கை தட்டிப் பாருங்கள். கணீரென்று திரும்பி வந்தால் அங்கே வாசிக்காதீர்கள். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து, தரையில் ஜமுக்காளம் விரித்து, பின்னால் கொடியில் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். இரும்பு பீரோ பக்கத்தில் உட்காராதீர்கள், அது தனியாக ரீங்கரிக்கும். ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். வேலூர் வெயிலில் அக்னி நட்சத்திரத்தின்போது மூடிய அறையில் 20 நிமிடத்துக்கு மேல் யாராலும் முடியாது. ஆகவே விடிகாலை 4 முதல் 5:30 வரை உத்தமம். குயில் கூவத் தொடங்கிவிட்டால் எழுந்துவிடலாம், அதை எந்த மென்பொருளும் எடுக்காது. காட்பாடி சந்திப்பை ஒட்டிய வீடுகளில் ரயில் ஊதினால் நிறுத்தி, அடியின் தொடக்கத்திலிருந்து மறுபடி எடுங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். அடியில் ‘ஊம்’ என்று ஒரு முனகல் கேட்டால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். சார்ஜர், இன்வெர்ட்டர், பழைய டியூப்லைட் சோக் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுங்கள்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல கைப்பேசிகளில் இரைச்சல் குறைப்பு தானாகவே ஓடும். அது பேச்சு அடங்கும் இடத்தை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். தமிழில் அப்படி அடங்கும் இடம்தான் குற்றியலுகரம், சொல் முடிவு மகரம். ‘பாட்டு’ என்பது ‘பாட்’ என்று நிற்கும். அமைப்பில் அதை அணைக்க வழியிருந்தால் அணையுங்கள். இல்லாவிட்டால் சாதாரண யுஎஸ்பி ஹெட்செட்டைக் கணினியில் செருகி ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதியுங்கள். ஆடாசிட்டி இலவசம். மோனோ, 44,100 ஹெர்ட்ஸ். அலையின் உச்சி மைனஸ் 6 டெசிபல் பக்கம் நின்றால் போதும். உச்சி தட்டையாக வெட்டுப்பட்டுவிட்டால் திருத்த முடியாது, மறுபடி வாசிக்கத்தான் வேண்டும். தொடங்குமுன் ஐந்து நொடி சும்மா இருங்கள். அந்த மௌனத்தைக் காட்டித்தான் பிறகு இரைச்சலைக் கழிக்க வேண்டும். 12 டெசிபலுக்கு மேல் கழிக்காதீர்கள், தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். நாக்குத் தடுமாறினால் நிறுத்த வேண்டாம். ஒரு கை தட்டி அடியை முதலிலிருந்து வாசியுங்கள். அலையில் அந்தத் தட்டல் ஆணிபோல் நிற்கும். வெட்டும்போது தேட வேண்டியதில்லை.

அளவுக் கணக்கு: அடிக்கு ஐந்து நொடி என்று வைத்தால் 583 அடிக்குச் சுமார் 49 நிமிடம். 16 பிட் வேவ் கோப்பாக வைத்தால் ஏறக்குறைய 260 எம்.பி., ஏற்றுவதற்கான 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 47 எம்.பி. வேவ் கோப்பை அழிக்காதீர்கள், திருத்தம் வந்தால் அதில்தான் செய்ய வேண்டும். பத்துப் பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஏறக்குறைய 60 அடி, ஐந்து நிமிடம். அறுபதாவது அடியில் கத்தி வைக்காமல் பொருள் முடியும் இடம் பார்த்துப் பிரியுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பாதீர்கள். அது நசுக்கி அனுப்பும். பத்துப் பேர் குரலில் அது மட்டும் தகரமாகக் கேட்கும். கோப்பு இணைப்பாக அனுப்பினால் அப்படியே போகும்.

பின்னணியில் வீணை, புல்லாங்குழல் சேர்க்க ஆசைப்படுவார்கள். வேண்டவே வேண்டாம். அந்த இசைக்கு உரிமையாளர் இருப்பார் என்பது ஒரு பக்கம். பார்வையற்றவர்கள் வேகத்தைக் கூட்டிக் கேட்கும்போது இசை அலறும், சொல் புரியாது. குறள் முற்றோதலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கும் வெறும் குரல்தான் பயன்.

கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் தட்டிக்கழிக்கிறார்கள்: மெய்ப்புக் கேட்டல். வாசித்தவரே கேட்டால் பிழை காதில் விழாது. வேறொருவர் அச்சுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஹெட்செட்டில் கேட்டு, ‘2 நிமிடம் 14 நொடி: வேல் என்பது வேள் என்று கேட்கிறது’ என்பதுபோல் குறித்துத் தர வேண்டும். ஐந்து நிமிடப் பதிவுக்குக் கால் மணி நேரமாவது ஆகும். குரல் சரியில்லை என்று ஒதுங்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இதற்குக் கிடைத்தால் அதுவே பெரிய பாக்கியம். நன்றாக வாசிப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் கிடைப்பார்கள், இலக்கணம் தெரிந்து பொறுமையாகக் கேட்பவர்கள் கிடைப்பது அரிது.

இதற்கெல்லாம் அரசிடம் நிதி கேட்கவில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு மாவட்டத் தலைநகரங்களிலும் பொது நூலகத்தில் தெருப்பக்கம் சன்னல் இல்லாத ஓர் அறை, வாரம் ஒரு நாள் நூலகம் திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, சாவியோடு கிடைத்தால் போதும். கம்பளியும் ஜமுக்காளமும் நாங்களே கொண்டுவந்து விரித்து, மடித்து எடுத்துப்போகிறோம். நூலகத்தார் செய்ய வேண்டியது இரண்டே: ஃபேனை நிறுத்த அனுமதிப்பது, சாமிநாதையரின் பத்துப்பாட்டுப் பதிப்பைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைப்பது.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.