கூட்டு டிக்கெட் விலக்கு தொடரட்டும்

ஆசிரியருக்கு,

பிரிட்டனில் பல நிறுவனப் பேருந்துகளுக்கும் பொதுவாகச் செல்லும் கூட்டு டிக்கெட்டுக்கு, போட்டி நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்து போட்டியைக் குறைப்பதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்திலிருந்து தரப்படும் விலக்கு பற்றிய செய்தியைப் படித்தேன். 2001இல் வந்த இந்த விலக்கு கட்டாயம் தொடர வேண்டும். லண்டனுக்கு வெளியே 1986இலேயே பேருந்துகளைப் போட்டிக்குத் திறந்துவிட்டதால், ஒரே வழியில் பல நிறுவனங்கள் ஓட்டலாம். நிறுவனங்கள் தங்கள் சொந்த டிக்கெட்டுகளுக்குக் கூடிப்பேசி விலை வைப்பது தவறுதான். ஆனால் விலக்கு அதற்கு இடம் தரவில்லை. தத்தம் சொந்த டிக்கெட் விலையை அவரவரே தனியாகத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மழையில் முதலில் வந்த பேருந்தில் ஏறினோம். கையிலிருந்த ரிட்டர்ன் டிக்கெட் வேறு நிறுவனத்துடையது என்று ஓட்டுநர் மறுத்துவிட்டார். அதே நிறுத்தம், அதே வழி! கூட்டு டிக்கெட் இருப்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவே இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் டிக்கெட் விலைக்குப் பக்கத்திலேயே கூட்டு டிக்கெட் விலையையும் பேருந்திலும் செயலியிலும் காட்ட வேண்டும் என்று விலக்கில் ஒரு நிபந்தனை சேர்க்கலாம்.