இரண்டாம் சனிக்கிழமைக்கு ஒரே ஓர் அனுமதி: காவல் உதவி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காவல் உதவி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை பழைய நெல் கிடங்கில் மாதந்தோறும் நாங்கள் நடத்தும் பாட்டு இரவுக்கான ஒலிபெருக்கி அனுமதி, இரவு 8.50 மணிக்குக் கைக்கு வந்தது. நிகழ்ச்சி தொடங்க வேண்டியது 6.30-க்கு. விண்ணப்பம் கொடுத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. கடிதத்தின் கடைசி வரியில் 9 மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. ஆக, பத்து நிமிடம். அதை வாங்குவதற்காக எங்களில் இருவர் மதியம் இரண்டு மணியிலிருந்து காவல் நிலையத்து வாசலில் நின்றார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் நடந்ததெல்லாம் உங்கள் மேசைக் கோப்பிலேயே இருக்கிறது. திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்கவில்லை.

கேட்பது ஒன்றுதான். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, மாலை 6.30 முதல் இரவு 9.30 வரை, அதே கிடங்கு, அதே இரண்டு சின்ன ஸ்பீக்கர். இதற்கு ஓராண்டுக்குச் சேர்த்து ஒரே அனுமதி தாருங்கள்.

அன்று இரவு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது கோப்பில் இருக்காது.

அன்றைக்குப் பாட வந்தவர்களில் ஓர் ஆத்தா இருந்தார். எழுபதைத் தாண்டியவர். சுற்றுவட்டாரத்தில் சாவு விழுந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் மாரடித்து ஒப்பாரி வைத்தால் தெருவே கேட்டுக்கொண்டு நிற்கும். ஆனால் ஒப்பாரியை வீட்டில் சும்மா பாட முடியாது. சாவு விழாத வீட்டில் அந்த ராகத்தை இழுத்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூட முடியாது, மருமகள் வாயைப் பொத்திவிடுவாள். வாழ்நாள் முழுக்கப் பாடிய ஒருவருக்குத் தன் பாட்டைப் பாட இன்னொருவர் சாக வேண்டியிருக்கிறது. இப்போது அதுவும் குறைந்துவிட்டது. ஐஸ் பெட்டியும் ஒலிபெருக்கியில் சினிமாச் சோகப் பாட்டும் வந்துவிட்ட வீடுகளில் பாடுகிறவர்களை யார் தேடுகிறார்கள்?

அவரிடம் ஒரு பாட்டு இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போன தம்பி அங்கேயே இறந்து பெட்டியில் வந்தாராம். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வந்த ஒரு மணி நேரத்தில் எடுத்தும்விட்டார்கள். முகம் பார்க்காத சாவுக்கு ஒப்பாரி வராது என்றார். அதற்குப் பிறகு பல வருடங்களாகக் களை எடுக்கும்போதும் ஆடு மேய்க்கும்போதும் வரி வரியாகச் சேர்த்து அந்தப் பாட்டைக் கட்டியிருக்கிறார். யார் முன்னாலும் முழுதாகப் பாடியதில்லை. எங்கள் கிடங்கைப் பற்றிக் கேள்விப்பட்டு, அங்கே பாடலாமா என்று அவராகவே கேட்டார். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்களுக்குத்தான் அந்த இரவே. எங்களுக்கு அதைவிடப் பெரிய விருந்தாளி யார்?

இரண்டு பேருந்து மாறி ஐந்து மணிக்கே வந்துவிட்டார். புதுச்சேலை. மடியில் வெற்றிலைப் பை. ஆறரை ஆனது, ஏழரை ஆனது. வந்திருந்த எழுபது பேரும் காத்திருந்தார்கள். பின்கட்டில் பறை அடிக்கும் பையன்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். பனி நாளில் காய்ச்சிய பறை கொஞ்ச நேரத்தில் சத்தம் இறங்கிவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும். மூன்று தடவை காய்ச்சினார்கள். மூன்றாவது தடவை ஒரு பறையின் தோல் கிழிந்தது. அந்த ஆத்தா சுவரோரமாகக் கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஊருக்குக் கடைசிப் பேருந்து 9.20. நிறுத்தத்துக்குக் கால்மணி நடை. கடிதம் வந்தபோது அவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். “போகுது தம்பி, இன்னொரு நா பாடிக்கலாம்” என்றார்.

போன வாரம் அவர் ஊருக்குப் போய், இந்த மாதம் வாருங்கள் என்று கூப்பிட்டேன். “அங்கன போலீசு வருதாம்ல. எம் மகன் வேணாங்கான்” என்றார்.

ஐயா, அந்தப் பாட்டை நான் இன்னும் கேட்கவில்லை.

சட்டத்தை மீறி எதையும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளை நாங்களும் படித்திருக்கிறோம். ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்கிறது. அதனால்தான் ஒவ்வொரு மாதமும் வந்து நிற்கிறோம். இரவு என்று அந்த விதிகள் சொல்வது 10 மணி முதல் காலை 6 மணி வரை. நாங்கள் அதற்கு அரைமணி முன்பே முடிக்கிறோம். திருவிழாக்களுக்காக நள்ளிரவு வரை தளர்த்த ஆண்டுக்குப் பதினைந்து நாள் வரை மாநில அரசுக்கு இடம் உண்டு. அதில் ஒரு நாளைக்கூட நாங்கள் கேட்டதில்லை. அனுமதியை மாதாமாதம்தான் தர வேண்டும் என்று அந்த விதிகளில் எங்கும் இல்லை. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 டெசிபல். அளவுமானியோடு யாரையாவது அனுப்புங்கள், பின்தெருவில் நின்று அளக்கட்டும். கூடினால் அங்கேயே குறைத்துக்கொள்கிறோம்.

பின்தெருவில் ஒரு வீட்டிலிருந்து முறையீடு வந்தது உண்மை. அந்த வீட்டுப் பெண் பிளஸ் டூ படித்தாள். முறையீட்டில் நியாயம் இருந்தது. பின்பக்க ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்தோம். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் மைக்கே இல்லாமல் பாடினோம். இப்போது அந்த வீட்டு அம்மாவே சில நாள் வந்து உட்காருகிறார்.

இன்னொன்று மனதை அறுக்கிறது. பாடப்போகும் பாட்டுகளை முன்கூட்டியே தட்டச்சு செய்து, பாடுபவரின் கையெழுத்தோடு தர வேண்டும் என்று நிலையத்தில் கேட்கிறார்கள். தெம்மாங்கு பாடுகிறவர் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து அடுத்த அடியை எடுப்பார். ஒப்பாரியில் ஆளுக்கும் உறவுக்கும் ஏற்ப வரி மாறும். எங்களோடு பாடும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், அன்றைக்குச் சவாரியில் பார்த்ததை அன்றிரவே பாட்டில் சேர்த்துவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் போய், நீங்கள் பாடப்போவதைப் போலீசுக்குக் கொடுக்கக் கைநாட்டு வையுங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? நாடகப் பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் கொடுக்கச் சொன்ன 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து ‘பரீக்ஷா’ நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குத் தொடுத்தார். 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் பிரிவுகளைச் செல்லாது என்றது. நாடகத்துக்கே வேண்டாம் என்றாகிவிட்டதை, வாய்ப்பாட்டுக்குக் கேட்பது எந்த முறையில் சேரும்?

இதைச் சொல்லும்போது கோபம் வருகிறது, மறைக்கவில்லை. நாட்டுப்புறப் பாடகர் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பறைக்காக வேலு ஆசானுக்கு 2025-இல் கொடுத்தார்கள். இரண்டு செய்தியையும் எங்கள் கிடங்கில் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடினோம். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. பொங்கலுக்குச் சென்னையில் அரசே மேடை போட்டு ஆட வைக்கிறது, பாட வைக்கிறது. எல்லாம் நல்லது. ஆனால் பொங்கல் முடிந்த பிறகு மிச்சமுள்ள நாளெல்லாம் இவர்கள் எங்கே பாடுவது? பம்புசெட் வந்ததும் ஏற்றப்பாட்டு போனது. நடவு இயந்திரம் வந்த வயலில் நடவுப்பாட்டு இல்லை. கும்மி அடித்த தெருக்களில் கார் நிற்கிறது. வேலையோடு பிறந்த பாட்டுக்கு வேலை போனால் இடமும் போகிறது. இந்த நகரத்தில் எஞ்சியிருப்பது ஒரு பழைய நெல் கிடங்கும் எண்பது பிளாஸ்டிக் நாற்காலியும் மாதத்தில் மூன்று மணி நேரமும்தான். தெருவை அடைத்துப் பந்தல் போடுகிறவர்களுக்குக் காவலர்களே நின்று போக்குவரத்தைத் திருப்பிவிடுகிறார்கள். சுவருக்குள் உட்கார்ந்து பாடுகிறவர்கள் மட்டும் குற்றவாளியைப் போல ஆதார் நகலோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

பொறுத்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் நீங்கள் பொறுப்பில்லை என்று தெரியும். சனிக்கிழமை மாலையில் உங்கள் நிலையத்தில் ஆள் பற்றாக்குறை என்பதும், எங்கள் காகிதம் கடைசியாகத்தான் கையில் எடுக்கப்படும் என்பதும் புரிகிறது. அதனால்தான் உங்களுக்கும் சுமை குறையட்டும் என்று கேட்கிறோம்: பன்னிரண்டு விண்ணப்பத்துக்குப் பதில் ஒன்று. விதிமீறல் ஏதாவது நடந்தால் அந்த ஒன்றையே ரத்து செய்யும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கப்போகிறது. பாடுபவர்களின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு மாதமும் முன்கூட்டியே நாங்களே கொண்டுவந்து தருகிறோம். பாட்டு வரிகளைக் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் சனிக்கிழமைகளுக்கு ஓராண்டு அனுமதி கோரும் விண்ணப்பத்தைச் சென்ற திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கியிருக்கிறோம். தயவுசெய்து அதைப் பரிசீலித்து, வரும் வியாழக்கிழமைக்குள் பதில் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கடிதம் அன்றைக்குக் கையில் கிடைத்தால், வெள்ளிக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு அந்த ஆத்தாவின் ஊருக்குப் போய், அவர் மகனிடம் உங்கள் கையெழுத்தைக் காட்டுவேன்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
கிடங்கில் பாட்டு இரவை நடத்துபவர்களில் ஒருவன்