உந்தப் புத்தகம்

கொக்குவில்,
ஐப்பசி.

அன்பு மகளுக்கு,

நீ கேட்ட கசெற்றுகளில் பதினொன்றைப் பொதி செய்துவிட்டேன். அடுத்த கிழமை ரொறன்ரோ வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். விமான நிலையத்து எக்ஸ்ரே நாடாவை ஒன்றும் செய்யாது, அந்தப் பயம் வேண்டாம். காந்தம்தான் எதிரி. வீட்டுக்கு வந்ததும் பொதியை ஸ்பீக்கர் பெட்டிக்கு மேலே வைத்துவிடாதே.

பிரபலமானவர்கள் தங்கள் புத்தகங்களைப் பற்றிக் கொடுத்த பழைய செவ்விகளைத் திரும்ப எடுத்து, நல்ல நல்ல துண்டுகளை வெட்டி, இடையில் நீ கதைத்து ஒரு நிகழ்ச்சியாக்கப் போவதாகச் சொன்னாய். செய். வெட்டுகிற வேலை மட்டும் கடைசியில் வரட்டும். புத்தகத்தைப் பற்றிய செவ்வி அது எடுக்கப்பட்ட நாளுக்குச் சொந்தமானது. பிறகு தெரியவந்ததைப் பக்கத்தில் வைக்கலாம், உள்ளே நுழைக்கக் கூடாது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓப்ரா வின்ஃப்ரே நடத்திய நிகழ்ச்சியைப் பார். எழுத்தாளர் ஜேம்ஸ் ஃப்ரேயின் நினைவுக்குறிப்பை அவர் 2005 செப்டெம்பரில் தன் வாசகர் வட்டத்துக்குத் தெரிவு செய்து புகழ்ந்தார். 2006 ஜனவரியில் அதே ஆளை அதே மேடைக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். 87 நாள் சிறை என்று எழுதியிருந்தது, பொலிஸ் பதிவின்படி சில மணித்தியாலம்தான். சைக்கிளோட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் தன்வரலாறு வந்தது 2000 இல், ஊக்கமருந்து எடுத்ததை அவர் ஒத்துக்கொண்டது 2013 ஜனவரியில். இடைப்பட்ட பன்னிரண்டு வருடத்துச் செவ்விகளை இப்போது போடுகிறவன் மறுப்புகளை வெட்டினால் அவரைக் காப்பாற்றுகிறான், ஏளனச் சிரிப்பு ஒன்றைச் சேர்த்தால் கேட்கிறவனை ஏமாற்றுகிறான். திகதியைச் சொல்லி முழுதாகப் போடுவதுதான் முறை.

இன்னொன்று, புத்தகத்தை எழுதினது ஆர்? விளையாட்டுக்காரர், நடிகர் புத்தகங்களில் முதல் பார்க்க வேண்டியது முகப்பட்டையை அல்ல, உள்ளே இருக்கிற உரிமைப் பக்கத்தை. சச்சின் டெண்டுல்கரின் 2014 புத்தகத்தில் சேர்ந்து எழுதிய போரியா மஜும்தாரின் பெயர் வெளிப்படையாக இருக்கிறது. எல்லாரும் அப்படி நேர்மையாகப் போடுவதில்லை. ‘தொகுப்பு’, ‘எழுத்தாக்கம்’ என்று சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும். கூடைப்பந்தாட்டக்காரர் சார்ள்ஸ் பார்க்லி தன் தன்வரலாற்றிலேயே தன்னைத் தவறாக மேற்கோள் காட்டிவிட்டார்கள் என்றார்! சிரிக்க வைத்தாலும் அதில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. வேறு ஆள் எழுதிய புத்தகம் என்றால், சம்பவத்தைக் கேட்டால் மடமடவென்று பதில் வரும், ‘மூன்றாம் அத்தியாயத்தை ஏன் அங்கே முடித்தீர்கள்’ என்றால் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை வெட்டாதே.

இனி நாடா. பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு கசெற்றின் மேல் விளிம்பிலும் இருக்கிற இரண்டு சின்னத் தகடுகளும் உடைக்கப்பட்டிருக்கிறதா என்று பார். இல்லையென்றால் உடைத்துவிடு, தவறிப் பதிவுப் பொத்தானை அமத்தினாலும் அழியாது. நாடாச் சுருளில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் போடவே போடாதே. எங்கள் மாரி ஈரத்தில் வருவது அது. ஒரு கசெற்றில் இருந்து நாடாவை வாசிக்கிற ரெக்கோர்டர் தலைக்கும், தலையில் இருந்து அடுத்த கசெற்றுக்கும் போகும். அப்படியானவை மூன்று இருக்கின்றன, வேறு பையில் கட்டிச் சிவப்புப் புள்ளி போட்டிருக்கிறேன். அவற்றை வேலை தெரிந்தவனிடம் கொடுத்துத் துப்பரவாக்கு.

மற்றவற்றை ஒருதரம் கடைசி வரை ஓடவிட்டுத் திருப்பிச் சுற்று. வருடக்கணக்காக ஒரே பக்கம் கிடந்த நாடா ஒட்டிக்கொண்டும் தளர்ந்தும் இருக்கும், சுற்றினால் இழுவை சீராகும். 120 நிமிடக் கசெற் இரண்டு இருக்கிறது, அவற்றில் கவனம். 60 நிமிட நாடாவின் தடிப்பில் அரைவாசிதான் அதற்கு. வேகமாகச் சுற்றினால் இழுபட்டு நெளிந்துவிடும், நெளிந்த இடம் பிறகு ஒருநாளும் நேராகாது. சத்தம் மந்தமாக, கம்பளிக்குள் கதைப்பது போலக் கேட்டால் உள்ளே நாடாவை அமத்துகிற கம்பளித் துண்டு விழுந்துவிட்டதா பார். பசை காய்ந்தால் விழும். வேறு கசெற்றின் கூட்டுக்குள் சுருளை மாற்றினால் சரிவரும். துண்டு இருந்தும் மந்தம் என்றால், பதிந்த ரெக்கோர்டரின் தலை சரிந்திருந்திருக்கும். உன் ரெக்கோர்டரின் தலைக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஆணியை மெதுவாகத் திருகு. ‘ச’, ‘ஸ’ ஒலிகள் எங்கே கூர்மையாகக் கேட்கின்றனவோ அங்கே நிறுத்து. ஒவ்வொரு கசெற்றுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். தலையை ஐசோபுறோப்பைல் அற்ககோலால் துடை. றப்பர் உருளைக்கு அது வேண்டாம், ஈரத்துணி போதும்.

கொம்பியூற்றரில் 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ், வேவ் கோப்பாக எடு. இடம், வலம் இரண்டு ஒலித்தடத்தையும் பதிவு செய். சின்ன ரெக்கோர்டரில் எடுத்தது ஒற்றை ஒலிதான், ஆனால் நாடாவின் ஒரு கரை பழுதானால் மற்றக் கரை காப்பாற்றும். 90 நிமிடக் கசெற் ஏறத்தாழ ஒன்றரை ஜிகாபைற் வரும். எம்பி3 கேட்பதற்கு மட்டும். இரைச்சல் நீக்குகிற வேலையை மூலக்கோப்பில் செய்யாதே, பிரதியில் செய். அந்த மென்பொருளுக்கு இரைச்சலும் ‘ஸ’வும் ஒன்றுதான்.

வேகம்தான் பெரிய கரைச்சல். 1990 இல் யுத்தத்தால் யாழ் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்ற பிறகு எடுத்தவை சோர்ந்த பற்றறியில் எடுத்தவை. பற்றறியே தடைப் பொருளாக இருந்த காலம். சைக்கிள் டைனமோவில் பாட்டுக் கேட்ட சனத்துக்குப் புதுப் பற்றறி எங்கே? பதியும்போது ரெக்கோர்டர் மெதுவாக ஓடினால், இப்போது சரியான வேகத்தில் போட ஆளின் குரல் கீச்சென்று கேட்கும். பக்கம் முடிய முடிய இன்னும் கீச்சாகும், ஏனென்றால் பற்றறி இறங்கிக்கொண்டே போயிருக்கும். ஆகவே முழுப் பக்கத்துக்கும் ஒரே அளவில் குறைக்காதே, ஐந்து ஐந்து நிமிடமாகப் பார். வீட்டு மின்சாரத்தில் எடுத்த பழைய கசெற் என்றால் உதவி உள்ளேயே இருக்கிறது. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதன் ரீங்காரம் நாடாவில் பதிந்திருக்கும். அது 52 இல் நின்றால் நூற்றுக்கு நாலு கூட ஓடுகிறது என்று அர்த்தம். 60 இல் ஒரு ரீங்காரம் தெரிந்தால் அது உன் வீட்டுக் கனடா மின்சாரம், வயர் இணைப்பைப் பார். ஜெனரேற்றரில் எடுத்ததை நம்பாதே. அதன் ரீங்காரம் தானே ஏறி இறங்கும். பற்றறிக் கசெற்றுக்கு ரீங்காரமே இல்லை. அந்த ஆளின் குரல் வேறொரு நல்ல பதிவில் இருந்தால் அதோடு ஒப்பிட்டுத்தான் சரிசெய்யலாம்.

எழுத்தாக்குவதில்தான் கூடப் பிழை வரும். ஒரு மணித்தியால ஒலிக்கு ஆறு மணித்தியாலம் வை. இயந்திரத்தைக் கொண்டு முதல் வரைவு எடுக்கலாம், நேரக்குறிப்புக்கு உதவும். ஆனால் எங்கள் பேச்சு அதற்குப் பிடிபடாது. பேசாமல் இருந்த இடத்தில் தானே ஒரு வசனத்தை உண்டாக்கியும் வைக்கும். மௌனத்தில் வருகிற ஒவ்வொரு வசனத்தையும் சந்தேகப்படு. வேகத்தை முக்காலாகக் குறைத்துக் கேட்டுத் திருத்து.

இயந்திரம் மட்டுமல்ல, சென்னைப் பிள்ளைகளிடம் கொடுத்தாலும் வருகிற பிழை ஒன்று இருக்கிறது. ‘அவர் என்னைப் பேசினார்’ என்று ஓர் எழுத்தாளர் சொன்னால் இங்கே அதன் கருத்து ஏசினார் என்பது. ‘பதிப்பாளர் என்னைப் பேசினார்’ என்பதை ‘பதிப்பாளர் என்னுடன் பேசினார்’ என்று திருத்தினால் ஒரு சண்டை நட்பாகிவிடும். ‘ஓம், ஓம்’ என்று கேட்பவர் இடையில் சொல்வது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு, சம்மதத்துக்கு அல்ல. எல்லாவற்றிலும் பெரியது ‘உது’. இந்த, அந்த என்று இரண்டே வைத்திருப்பவர்களுக்கு எதிரில் இருப்பவர் பக்கத்துப் பொருளைச் சுட்டுகிற எங்கள் ‘உந்த’ பிழையாகத் தெரியும், உடனே திருத்துவார்கள். ஆனால் ‘உந்தப் புத்தகத்தில நான் அப்பிடி எழுதேல்லை’ என்று அவர் சொன்னால், அந்தப் புத்தகம் கேட்பவர் கையில் இருந்திருக்கிறது. எந்தப் பதிப்பை வைத்துக் கதைத்தார்கள் என்று கண்டுபிடிக்க அதைவிடச் சாட்சி வேண்டாம். ‘எண்டு’வையும் ‘என்று’ ஆக்காதே. எழுத்தில் வெளியிடும்போது மாற்றுவதென்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மாற்றி, மாற்றினேன் என்று முதல் பக்கத்தில் சொல்.

கசெற் பக்கம் மாற்றுகிற இடத்தை வசனத்தின் நடுவில் என்றாலும் குறி. அங்கே சில விநாடியாவது போயிருக்கும், இரண்டு பாதியையும் ஒட்டிவிட்டால் அவர் சொல்லாத ஒன்று பிறக்கும்.

திகதி எழுதாத கசெற் நாலு. உறையில் உள்ள மாதத்தை நம்பாதே, அந்த உறை வேறு கசெற்றுடையதாக இருக்கலாம். உள்ளே தேடு: ‘போன கிழமை வெளியீட்டு விழாவில்’, ‘படம் வந்த பிறகு’. செங்கை ஆழியானின் வாடைக்காற்று நாவல் 1978 இல் படமாக வந்தது. அதைப் பற்றி ஒருவர் படத்தையும் சேர்த்துக் கதைத்தால் பதிவு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. திகதியை இந்த வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் இடையில் என்று எழுதி, காரணத்தையும் எழுது. பெயர்களையும் இரண்டாக வை. செங்கை ஆழியானின் இயற்பெயர் க. குணராசா, நீலவண்ணன் என்ற பெயரிலும் எழுதினவர். ஒரு பெயரில் தேடினால் பாதி செவ்விதான் அகப்படும்.

அச்சில் வந்தவைக்கு ‘நூலகம்’ என்ற ஈழத்து மின்னூலக இணையத்தளத்தை முதலில் பார். 1966 இல் தொடங்கிய மல்லிகைச் சஞ்சிகையை அதில் தேடலாம். அங்கே இல்லாததை நான் இங்கே ஸ்கேன் பண்ணி அனுப்புவேன்: அங்குலத்துக்கு 400 புள்ளி, கறுப்பு வெள்ளையில் அல்ல, வர்ணத்தில். தடைக்காலத்தில் கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சடித்த பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கோடு புள்ளியை விழுங்கிவிடும், ‘க்’ எல்லாம் ‘க’ ஆகும். படத்தில் உள்ளதை எழுத்தாக்குகிற எழுத்துணரி மென்பொருளுக்கும் அதுவே தொல்லை. தமிழ்நாட்டில் 1978 இல் எழுத்தைச் சீர்திருத்தினார்கள், எங்கள் அச்சகங்களில் ஈய எழுத்து அதற்குப் பிறகும் பழையதாகவே கிடந்தது. துதிக்கை போல வளைவு போட்ட பழைய ‘லை’யையும் ‘னை’யையும் எழுத்துணரி கண்டபடி வாசிக்கும். பக்கத்தில் இருந்து கையால்தான் திருத்த வேண்டும்.

பெயர் சொல்லாமல் ‘அவையள்’ என்று மட்டும் சொன்ன இடங்களில் உனக்கு ஆள் தெரிந்தாலும் பெயர் போடாதே. யுத்தக் காலத்தில் பேசியவர்கள் யோசித்துத்தான் விட்டார்கள். ‘இதை நிப்பாட்டும்’ என்று கேட்டபிறகும் ஓடிய ஒரு நாடா இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறது எவ்வளவு சுவையாக இருந்தாலும் வெளியே போகக் கூடாது.

கசெற் எங்களிடம் இருப்பதால் வார்த்தை எங்களுடையது ஆகாது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் ஆக்கியோரின் ஆயுளும் பிறகு 70 வருடமும். மல்லிகை ஆசிரியர் டொமினிக் ஜீவா 2021 ஜனவரியில் காலமானார். கணக்குப் பார், 2091. எனவே பிள்ளைகளிடமோ உரித்தாளரிடமோ எழுத்தில் கேள்: எந்தப் பதிவு, எத்தனை நிமிடம், எங்கே போகும், பணம் வருமா, பிறகு வேண்டாம் என்றால் எடுப்பாயா. செவ்வியில் கேள்வி கேட்டவருக்கும் உரிமை உண்டு, அவரை மறந்துவிடுவார்கள்.

மூன்று பிரதி வை: ஒன்று உன்னிடம், ஒன்று வேறு வீட்டில், ஒன்று வேறு நாட்டில். 1981 மே 31 இரவு எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 அளவில் நூல்கள் போயின; பல ஓலைச்சுவடிகளுக்கு வேறெங்கும் இரண்டாம் பிரதி இருக்கவில்லை.

மிச்சக் கசெற்றுகள் இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. இப்போது திறந்தால் ஈரம் ஏறும், தை பிறந்து காத்து மாறினதும் திறக்கிறேன். அம்மா ஒடியல் மா ஒரு கிலோ அனுப்புகிறா. கசெற்றோடு ஒரே பெட்டியில் வைக்கச் சொல்லி நேற்று முழுக்கச் சண்டை. மா பறந்து நாடாவில் படியும் என்று நான் விடவில்லை, அதனால் பொதி இரண்டாக வரும். மா எந்தப் பொதியில் என்று கேட்டுவிட்டுத் திற.

அன்புடன்,
அப்பா