நினைவு மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மண்டப வேலை முடிந்துவிட்டது. தரை, வயரிங், கழிவறை, பெயிண்ட், சக்கர நாற்காலிக்கான சாய்தளம் எல்லாம் பேசிய விலைக்கே முடிந்தன. இவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் கூரையைப் பற்றித்தான். செலவு கால்வாசி ஏறியது எப்படி, நவம்பர் 16 திறப்பு விழா ஏன் தவறியது, ஒப்பந்தக்காரரோடு ஏன் சண்டை? கூட்டத்தில் எழுந்து கேட்டவர்களைவிட வெளியே கார் பக்கம் நின்று பேசியவர்களே அதிகம்.

நவம்பர் 16 என்று சொன்னது நாங்கள்தான். 1860இல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரின் முதல் கப்பலான ட்ரூரோ, சென்னையிலிருந்து 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த நாள் அது. அன்று திறக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

பழைய கூரை கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு. விலை சொல்லும் முன்பே ஒப்பந்தக்காரருக்கு அது தெரியும், ஏணி போட்டு ஏறிப் பார்த்தவர் அவர். ஆனாலும் விலைப் பட்டியலில் "பழைய கூரை அகற்றல்" என்று ஒரே வரிதான் எழுதினார். நாட்டின் 2020ஆம் ஆண்டுக் கல்நார் விதிகளின்படி, பதிவு பெற்றவர்கள்தான் கல்நாரைக் கழற்ற வேண்டும். தகட்டை நனைத்து, உடைக்காமல் இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி, அனுமதி பெற்ற கிடங்கில் சேர்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை அந்த வழியே போன உறுப்பினர் ஒருவர் பார்த்தபோது, முகமூடிகூட இல்லாமல் பையன்கள் சுத்தியலால் தகடுகளை உடைத்துக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வளவில் பாலர் பள்ளி. அந்த நிமிடமே வேலையை நிறுத்தினோம்.

அதற்குத்தான் இத்தனை பேச்சு. "பாதி இறக்கியாச்சு, கண்டுக்காம விட்டிருக்கலாம்" என்றார்கள் சிலர். கல்நார்த் தூசு நுரையீரலுக்குள் போனால் நோய் தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகும். கல்நார் வெட்டி எடுத்த பிரீஸ்கா சுரங்கத்து ஊர்க்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். முன்னோருக்கு மண்டபம் கட்டுகிறோம் என்று பிள்ளைகளின் மூச்சில் தூசு போடவா? ஒப்பந்தக்காரர் என்னடாவென்றால், ஆட்கள் சும்மா இருந்த நாட்களுக்கு எங்களிடமே கூலி கேட்டார். கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டோம். பதிவு பெற்ற வேறு ஆளைப் பிடித்து, மண்ணையும் சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்தோம். ஏறிய தொகையில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது. மீதி, கூரையின் பழைய சாய்வை மாற்றாமல் கட்டியதற்கு. அறுபது வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்தை அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது என்கிறது 1999ஆம் ஆண்டு மரபுரிமைச் சட்டம். தட்டைக் கூரை போட்டால் மலிவு என்று பழைய ஒப்பந்தக்காரர் சொன்னது உண்மைதான். பார்க்க சரக்குக் கிடங்கு மாதிரி இருந்திருக்கும்.

போருக்குப் போன நம்மவர் பெயர்களைப் பொறித்த கல்வெட்டைப் பற்றியும் ஒரு முணுமுணுப்பு. துப்பாக்கி பிடிக்காதவர்களுக்கு எதற்குப் போர்வீரர் வரிசை என்று கேட்டார்கள். இங்கே பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் (டச்சு வழிவந்த குடியேறிகள்) நடந்த போயர் போரில் காயம்பட்டவர்களைத் தூக்கிய நம்மவர்கள் ஏறக்குறைய 1,100 பேர், பெரும்பாலும் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். ஸ்பியன் கோப் குன்றுச் சண்டையில் அவர்கள் டோலி தூக்கினார்கள், பதக்கம் தலைவர்களோடு நின்றுவிட்டது. இரண்டாம் உலகப் போரில் நம்மவர்களை ஆயுதம் கொடுக்காமல்தான் அனுப்பினார்கள், வட ஆப்பிரிக்காவில் டோப்ரூக் துறைமுகம் எதிரியிடம் விழுந்தபோது பிடிபட்டவர்களில் அவர்களும் இருந்தார்கள். அரசாங்கம் துப்பாக்கி தராததற்கு நாமும் பெயரைத் தராமல் விடுவதா? ஆகவே ஒரே சுவர், ஒரே எழுத்தளவு.

நன்கொடையாளர் பெயர்கள் வாசல் பலகையில் இருக்கின்றன. டொங்காட் கரும்புக் குடும்பங்கள், வெருலம் கோயில் மாதர் குழு, சாட்ஸ்வொர்த் பென்ஷன்காரர்கள், ஃபீனிக்ஸ் இளைஞர்கள், ஸ்டாங்கர் கடைக்காரர்கள், ஐசிபிங்கோ மீனவர் வீட்டார், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்கள், பிரியாணி விற்றுப் பணம் சேர்த்த நம் அம்மாமார், ஜன்னல்களைச் சும்மா போட்டுக் கொடுத்த தச்சர், பெயரே வேண்டாம் என்று உறையைக் கொடுத்துப் போன பெரியவர். பலகையில் யார் மேலே, யார் கீழே என்ற வழக்கை இனி எங்களிடம் கொண்டு வர வேண்டாம், அகர வரிசைதான்.

தணிக்கை செய்த கணக்கு, ரசீதுகளோடு செயலாளரிடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை. ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணையை இன்னும் கொடுக்கவில்லை. மேற்குப் பக்கம் ஒழுகும் மழைநீர்ப் பீலியை அவர் சரிசெய்து கொடுத்தால் அன்றே அனுப்பிவிடுவோம்.

திருப்பணிக் குழு