எங்கள் தெருவில் யாரைக் கேட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொறியியல் கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் சேர்ந்து செயல்படுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொழில்துறையினர், அதிலும் சிறுதொழில் நடத்துகிறவர்கள், முன்வருவதில்லை என்று அதில் ஒரு வரி இருக்கிறது. கோவை கணபதியில் அப்பா காலத்திலிருந்து ஜாப் ஆர்டர் பட்டறை, அதாவது மற்ற கம்பெனிகளுக்கு ஆர்டரின் பேரில் உதிரிபாகம் செய்து தரும் பட்டறை, நடத்துகிற குடும்பம் எங்களுடையது. பம்புக்குள் சுழலும் தண்டான ஷாஃப்டை லேத்தில் கடைந்து கொடுக்கிறோம். எங்கள் தெருவில் யாரைக் கேட்டு அந்த வரியை எழுதினீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் கல்லூரி எங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாணவர்கூடப் பட்டறைக்குள் கால் வைக்கவில்லை. அங்கீகாரக் குழு ஆய்வுக்கு வரும் சமயத்தில் மட்டும் போன் வந்தது. எங்கள் மாணவர்கள் உங்களிடம் பயிற்சி பெற்றார்கள் என்று லெட்டர்ஹெட்டில் எழுதித் தர வேண்டுமாம். யார் யார் வந்தார்கள் என்று கேட்டேன். "பேர் லிஸ்ட் நாங்களே அனுப்பறோம் சார், நீங்க சீல் மட்டும் வெச்சுக் கொடுங்க" என்றார்கள். மறுத்துவிட்டேன். அத்தோடு ஒப்பந்தமும் முடிந்தது. பெற்றோர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள். பையன் கோடை விடுமுறையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் போகிறான், பட்டறையில் பயிற்சி பெற்றதாக இன்பிளான்ட் டிரெய்னிங் சர்டிபிகேட் மட்டும் போதும் என்கிறார்கள். கதவைச் சாத்தியது நாங்களா?

இதையும் கேளுங்கள். 410 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷாஃப்டில் சாவிக்காடி (சக்கரத்தை ஷாஃப்டோடு பூட்டும் சாவிக்கான பள்ளம்) வெட்டியதும் ஷாஃப்ட் வளைந்துவிடுகிறது என்று ஒரு காலத்தில் திண்டாடிக்கொண்டிருந்தோம். லேத்திலிருந்து இறக்கும்போது நேராக இருக்கும். மில்லிங் மெஷினில் காடி வெட்டி முடித்து, வி-பிளாக் தாங்கியில் வைத்துச் சுழற்றி டயல் கேஜால் அளந்தால் முள் ஆடி வளைவைக் காட்டும். ஆர்டர் கொடுத்தவர் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவார். அதே கல்லூரியில் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய, பாகங்களைத் துல்லியமாக அளக்கும் சி.எம்.எம். மெஷின் ஏ.சி. அறையில் உறை போட்டு இருந்தது. நாலைந்து ஷாஃப்டை எடுத்துக்கொண்டு போனேன். ஆய்வுக் குழு வந்து போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிறகு, இயக்கத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது ஒரு பாலிடெக்னிக் மாணவன். வகுப்புக்கு நடுவே தொழிற்சாலைப் பயிற்சியும் சேர்ந்த சாண்ட்விச் டிப்ளமோ படிப்பில் ஆறு மாதப் பயிற்சிக்கு எங்களிடம் வந்தவன். காடி வெட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஷாஃப்டையும் அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான். குளிர்நிலையில் இழுத்த கம்பிக்குள் அழுத்தம் தங்கியிருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் வெட்டி எடுத்தால் மறுபக்கம் இழுக்கிறது என்று அவனுடைய ஆசிரியர் வந்து பார்த்து விளக்கினார். அதன் பிறகு கம்பியைச் சூடேற்றி மெல்ல ஆறவிட்டு அழுத்தத்தைப் போக்கிய பிறகே கடைகிறோம். அந்தப் பையனுக்கு அரசு விதித்த உதவித்தொகைக்கு மேலேயே கொடுத்தோம். படிப்பு முடிந்ததும் எங்களிடமே வேலைக்கு வா என்றும் கேட்டோம். இதை எந்த ஒப்பந்தமும் செய்து கொடுக்கவில்லை. பாடத்திட்டத்திலேயே ஆறு மாதம் பட்டறையில் இருந்தாக வேண்டும் என்று இருந்ததால் நடந்தது.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் 1926-ல் வந்துவிட்டது. தொழில்நுட்பக் கல்லூரி அதை ஒட்டி 1951-ல்தான் வந்தது. பட்டறை முதலில், வகுப்பறை பிறகு. ஐந்தாண்டு சாண்ட்விச் பி.இ. படிப்பை அங்கே வைத்ததற்கும் அதுதான் அடிப்படை. இந்த ஊர்த் தொழிலதிபரும் கண்டுபிடிப்பாளருமான ஜி.டி.நாயுடு, நான்காண்டுப் பொறியியல் படிப்பு காலவிரயம், இரண்டாண்டு போதும் என்று வாதாடி, அரசு ஏற்காததால் தாம் தொடங்கிய கல்லூரியின் முதல்வர் பொறுப்பையே விட்டு வெளியேறினார். அவர் சொன்ன கணக்கு சரியா தவறா என்று நான் வாதிட வரவில்லை. படிப்பு தொழிலுக்கு உதவ வேண்டும் என்பதற்காகப் பதவியை விட்ட மனிதர் வாழ்ந்த ஊரில், தொழில்காரன் ஒத்துழைப்பதில்லை என்று எழுதுகிறீர்களே, அதுதான் வலிக்கிறது.

சென்னை தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் இடம் பிடிக்கும் நிறுவனம், கல்விக்கூடத்தோடு சேர்ந்து என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் மதிப்புப் புள்ளிக் கணக்கு காட்டியாக வேண்டும். நிறுவனத்துக்கு அப்படிக் கணக்கு வைக்கலாம் என்றால் ஒப்பந்தம் போடும் கல்லூரிக்கும் வைக்கலாமே? மத்திய அரசின் தொழிற்பழகுநர் (அப்ரெண்டிஸ்) திட்டத்தில் நான்கு பேர் வேலை செய்யும் பட்டறைகூடப் பயிற்சியாளரை எடுக்கலாம், டிப்ளமோவோ பட்டமோ முடித்தவர் என்றால் விதித்த குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசே ஏற்கிறது. உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2022 செப்டம்பரில் மின்கட்டணமும் நிலைக்கட்டணமும் ஏறி எங்கள் தெருவே தவித்தபோது விவரமாக ஒரு கடிதம் எழுதினேன். அதையும் நீங்கள் வெளியிடவில்லை. எங்களைக் குறை சொல்ல மட்டும் இடம் கிடைக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தானது என்று நீங்கள் படம் போடும் ஒவ்வொரு கல்லூரியிடமும், ஓராண்டு கழித்து எத்தனை மாணவர்கள் எந்தப் பட்டறைக்குப் போனார்கள் என்று கேட்டு நான்கு வரி போடுங்கள். கோவையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் வெளியாருக்குப் பரிசோதனை செய்து தரும் கருவிகள் எவை, கட்டணம் எவ்வளவு, யாரைப் பார்க்க வேண்டும் என்ற விவரத்தையும் ஒரு பக்கத்தில் வெளியிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.