பெருங்காயத்தைக் காட்டிக் கொடுத்த ஆன்ட்டிக்கு

வெள்ளத் தண்ணீர் வடிந்து, நம் மண்டபத்தில் நடந்த நிவாரணச் சமையலும் முடிந்துவிட்டது. நாற்காலிகளைக் கழுவி அடுக்கியாயிற்று, மண்டபத் தரையில் மட்டும் சேற்று வாடை போகவில்லை. நடந்தது எல்லாருக்கும் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றியைத்தான் ஆறப்போட மனசில்லை.

முதல் நன்றி, காய் நறுக்க வந்த சீன ஆன்ட்டிக்கு.

சைவம் சாப்பிடும் சீன பௌத்தர்களுக்கு வெங்காயமும் பூண்டும் ஆகாது என்பது மலேசியாவில், நம் கிள்ளானில் சமையல்கட்டுக்குள் நுழைந்த யாருக்கும் தெரியும். அந்த இரண்டையும் விட்டால் தமிழ்ச் சமையல்காரர் கை தானாகப் பெருங்காய டப்பாவுக்குப் போகும். டப்பா மூடியைத் திறப்பதற்குள் ஆன்ட்டி கையைப் பிடித்து, கடைத்தெருப் பேச்சான பசார் மலாயில், “இதுவும் கூடாது” என்றார். அவர்கள் விலக்கும் நெடிப் பொருள்களின் பழைய பட்டியலில் பூண்டு, வெங்காய வகைகளோடு பெருங்காயமும் உண்டு. ஐயர் வீட்டுக் குழம்புக்குப் பொருந்துவது ஆன்ட்டி வீட்டுக் குழம்புக்குப் பொருந்தாது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். நிவாரணப் பந்தியில் உட்காருபவர்கள் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். குழம்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைத் தின்று, கும்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள். பரிமாறுகிறவருக்குக் கடைசிவரை தெரியாது.

டப்பாவை மூடினால் மட்டும் போதாது என்பதையும் அவர்தான் காட்டினார். பாக்கெட் சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, அப்பளம், ஊறுகாய் எல்லாவற்றிலும் பெருங்காயம் ஒளிந்திருக்கும். பின்பக்கம் படித்துத்தான் எடுக்க வேண்டும். பொடியை விட்டுத் தனி மல்லி, சீரகம், மிளகாய் வறுத்து அரைத்தால் வம்பில்லை. நூறு பேருக்கு அரிசி 10 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ என்பது நம் கணக்கு. பருப்பு, பூசணி, முள்ளங்கி, மஞ்சள், உப்பு, அரைத்த பொடி, இவ்வளவோடு ஒரே கொப்பரையில் வேகவிட்டு, தாளிப்பைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். ஆன்ட்டி வீட்டுப் பங்கை முதலில் வேறு பானைக்கு மொண்டு, எண்ணெயில் கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை மட்டும் தாளித்து ஊற்றினால் ஆயிற்று. மீதிக்கு வெங்காயம், பூண்டு, பெருங்காயம் என்று இஷ்டம்போல் கொட்டலாம். ஒரே அடுப்பு, ஒரே விறகு, கரண்டி மட்டும் இரண்டு. அந்தக் கரண்டிதான் தொல்லை பிடித்தது. அவசரத்தில் இந்தப் பானையிலிருந்து அந்தப் பானைக்குத் தாவிவிடும். அதற்கும் ஆன்ட்டியே வழி செய்தார். மஞ்சள் ராஃபியாக் கயிற்றைப் பானைக் காதிலும் கரண்டிக் காம்பிலும் கட்டிவிட்டார்.

மணம் குறையுமே என்று முகம் சுளித்த நம் தலைமைச் சமையல்காரருக்கு ஆன்ட்டி வீட்டுக் காய்ந்த காளான் கைகொடுத்தது. வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வேண்டும். அடியில் மணல் தங்கும், ஆகவே மேலாக இறுத்த தண்ணீரை மட்டும் குழம்பில் சேர்க்க வேண்டும். இப்போது சமையல்காரரே தன் வீட்டில் அப்படித்தான் வைக்கிறாராம், வெளியில் சொல்லவேண்டாம் என்கிறார்.

சூராவ் என்கிற சின்னத் தொழுகைக்கூடத்துப் பக்கத்திலிருந்து வந்த மாக்சிக்குகள், அதாவது மலாய் அம்மாமார்கள், காவா என்கிற பெரிய வாணலியில் கோழி சமைத்துத் தங்கள் கொட்டகையிலேயே பரிமாறி, மண்டபச் சமையல்கட்டைச் சைவமாகவே விட்டுவைத்தார்கள். சாமிக்குப் படைத்ததை முஸ்லிம்களில் பலர் சாப்பிடுவதில்லை என்பதால் நைவேத்தியத்தைச் சின்னப் பானையில் தனியாக வைத்தோம். குருத்வாராவிலிருந்து காலைச் சப்பாத்தியும் பருப்பும் தவறாமல் வந்தன. பொட்டலம் கட்டிய பிள்ளைகள் சோற்றை ஆவி போகப் பரப்பி ஆறவைத்துத்தான் மடித்தார்கள். சூட்டோடு மூடியிருந்தால் மதியத்துக்குள் ஊசிப்போயிருக்கும். சைவச் சம்பாலில் பெலாச்சான் என்கிற இறால் விழுது போகாமலும், கீரைப் பிரட்டலில் சிப்பிச் சாஸ் விழாமலும் காவல் இருந்த அக்காமார்களுக்கும் நன்றி.

பெலாச்சான் என்றதும் மலாக்கா காஜா பேராங் செட்டிகள் ஞாபகம் வருகிறார்கள், பழங்காலத்தில் வந்து உள்ளூரில் மணமுடித்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் மலாய் பேசுவார்கள், கும்பிடுவது 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோவிலில், சமையலில் பெலாச்சான் மணக்கும். தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக்குள் கலந்த கலப்பு அது. பொதுப் பந்தி வேறு. இங்கே எல்லாவற்றையும் ஒரே கொப்பரையில் கொட்டுவதை ஒற்றுமை என்று சொல்ல எங்களுக்கு ஒப்பவில்லை.

மஞ்சள் கயிற்றுப் பானையை இனிக் கோவில் அன்னதானத்துக்கும் தனியாக வைப்போம். சாப்பிட வருகிறவர் கேட்பதற்கு முன்பே, என்ன சேர்த்திருக்கிறோம் என்று பந்தி வாசலில் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதி மாட்டுவோம். சீன எழுத்துக்கு ஆன்ட்டியின் பேத்தி ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

மூடியில்லாத இரண்டு அலுமினியப் பானைகளும் பெயர் எழுதாத ஒரு டிஃபன் கேரியரும் மண்டபத்தில் இருக்கின்றன. யாருடையவையோ, மாலை ஆறு மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மண்டபச் சமையல் குழுவினர்