திருத்தக் கூடாத திருடன்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் ரோல்பிளேயிங் விளையாட்டுகள் (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடுவது) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டிராகனைக் கொன்று உலகத்தைக் காப்பாற்றுவதுதான் மொத்த விளையாட்டும் என்பதுபோல எழுதியிருக்கிறார்கள். 1985இல் அமெரிக்காவில் எம்.எஸ். படித்தபோது வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் நாங்கள் ஆடியது அப்படி இல்லை. ஒரு கேடுகெட்ட ஊரில் மறுநாள் சாப்பாட்டுக்கு வழி பண்ணுவதே எங்களுக்குப் பெரிய சாகசமாக இருந்தது.

அந்த ஊர் சாங்ச்சுவரி. புகலிடம் என்று அர்த்தம், எல்லாம் நக்கல்தான். 1979இல் ராபர்ட் ஆஸ்ப்ரின் தொகுத்த ‘தீவ்ஸ் வேர்ல்ட்’ கதைகளில் வந்தது. ஊர் ஒன்று, எழுதுபவர்கள் பலர். பவுல் ஆண்டர்சன் ஒரு பாடகனைக் கொண்டுவந்தார், லின் ஆபி ஒரு குறிகாரியை, ஆண்ட்ரூ ஆஃபட் ஹான்ஸ் என்ற திருட்டுப் பையனை. ஒருவர் படைத்த ஆளை இன்னொருவர் தன் கதையில் நடமாடவிடலாம். ஆனால் கொல்லக் கூடாது, திருத்தி நல்லவனாக்கவும் கூடாது. கொல்லக் கூடாது என்பது சரி. திருத்தக் கூடாது என்றும் யோசித்தார்கள் பாருங்கள், அதில்தான் நான் விழுந்தேன்.

1981இல் இத்தகைய விளையாட்டுகளை வெளியிடும் கேயாசியம் கம்பெனி, ஆடுவதற்கென்று இந்த ஊரையே பெட்டியில் போட்டு விற்றது. மூன்று புத்தகங்கள், வரைபடங்கள். எந்தப் பேட்டையில் எந்த நேரத்தில் யார் எதிரே வருவார் என்பதற்குக்கூட அட்டவணை உண்டு. ஊர்க்காரர்களின் பலம், திறமை எல்லாவற்றையும் போட்டிக் கம்பெனிகளுடையதும் சேர்த்து ஒன்பது விளையாட்டுகளின் கணக்கில் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று விண்வெளி விளையாட்டு! அது எதற்கென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒரு ராத்திரி ஆட்டத்தில், அந்த ஊரின் ‘மேஸ்’ பேட்டைச் சந்துகளில் என் திருடனின் சுருக்குப்பையை ஹான்ஸ் அறுத்துவிட்டான். நான் கத்தியை உருவினேன். ஆட்டத்தை நடத்திய அறைத்தோழன், “அவன் ஆஃபட்டோட ஆளு, கொல்ல உனக்கு உரிமை இல்லை. துரத்து, அவ்வளவுதான்” என்றான். இருபது முகப் பகடையை உருட்டினேன். இரண்டுதான் விழுந்தது, ஹான்ஸ் தப்பிவிட்டான். பதினோரு செப்புக்காசு போச்சு. அதற்கப்புறம் எத்தனையோ ஆட்டத்தில் அரக்கர்களை வெட்டியிருக்கிறேன், ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. அந்தப் பதினோரு காசு மட்டும் இன்னும் உறுத்துகிறது.

கதைகளின் பிந்தைய தொகுதிகளில் தேவர்களும் படைகளும் நடமாடும் பிணங்களும் பெருகி, திருடன் பாவம் ஓரமாக ஒதுங்கிவிட்டான். 1989இல் பன்னிரண்டாவது தொகுதியோடு நின்றது. 2002இல் லின் ஆபி புதுக் கதையோடு அதே ஊருக்குத் திரும்பினார். வாங்கினேன், படித்தேன். ஆடத்தான் ஆள் இல்லை.

பெட்டி பத்திரமாக இருக்கிறது. இன்னொரு கட்டுரை போடுவதாக இருந்தால் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டுகிறேன். நடு மடிப்பில் செல்லோடேப் ஒட்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்,
கோவை